நடந்து வந்தவர்களுக்கு மட்டும் கட்டில்

என் தங்கையைக் கட்டியவருக்கு எல்லாரும் வைத்த பேர் சக்கரம். பொது மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவருடைய வண்டியின் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். அதை அடக்கி அடக்கியே, வெறுங்கையோடு தெருவில் போகும்போதும் மனிதர் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார்.

அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சட்டைக்குக் காஜா எடுக்கிற கையாளாக ஆரம்பித்து, அடகுக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த தையல் மிஷின் ஒன்றை வாங்கி, அதிலிருந்து இந்தப் பட்டறையைக் கட்டினேன். இன்றைக்கு நாலு தெருவில் என் கூலியால் அடுப்பு எரிகிறது. யார் தயவும் இல்லை, யார் யோசனையும் இல்லை, எல்லாம் என் மூளை.

அந்த மூளைக்கும் ஒரு தடவை அடி விழுந்தது. முதலில் தையல்காரர்களுக்கு நாள் கூலி கொடுத்தேன். சட்டைக்கு ஒரு கை வைத்துத் தைப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும் போலிருந்தது. சரி, பீஸுக்கு இவ்வளவு என்று மாற்றினேன். காலர் மலை மாதிரி குவிந்தது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். சரக்கு போன கடைகளிலிருந்து ஒரே மாதத்தில் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. முதல் சலவையிலேயே காலர் தனி, சட்டை தனி.

"ஏம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டுதானே தைச்சீங்க?" என்று மூத்த தையல்காரியைப் பிடித்துக் கேட்டேன்.

"காலருக்குத்தானே முதலாளி கூலி குடுத்தீங்க? அது சட்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்கு எங்க குடுத்தீங்க?" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே.

எதை எண்ணிக் கூலி கொடுக்கிறோமோ அது மட்டும்தான் வந்து சேரும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. எண்ணாமல் விட்டது சத்தமில்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு நான் ஏமாந்ததில்லை.

இனி சக்கரத்தின் கதை. எங்கள் அம்மா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் வார்டு வார்டாக அவளைத் தள்ளிக்கொண்டு போனவர் அவர்தான். ஒவ்வொரு வாசற்படியிலும் வண்டியை நிறுத்துவார். "அம்மா, ஒரு சின்னத் தூக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவார். நினைவில்லாமல் கிடந்தபோதும் சொன்னார். பக்கத்தில் நடந்துவந்த என் தங்கைக்கு அங்கேயே மனசு போய்விட்டது. இரும்புக் கடைக்காரர் ஒருவரை நான் பார்த்து வைத்திருந்தேன். "அந்த ஆள் என்கிட்டப் பேசறப்பகூடக் கல்லாப்பெட்டியைத்தான் பாக்கறார் அண்ணே. அவரை நீயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கட்டினாள். பிள்ளை இல்லை. வாயாடியும் ஊமையுமாக இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அந்த மருத்துவமனைக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கே சாவு குறைகிறதோ அந்த மருத்துவமனைக்கு ஆளும் மருந்தும் கூடுதல். எங்கே கூடுகிறதோ அங்கிருந்து ஆளை எடுத்து, நல்ல பேர் வாங்கிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மாதத்துச் சாவுகளை எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் கரும்பலகை வைத்து எழுத வேண்டும். உத்தரவு போட்டவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். காலருக்குக் கூலி கொடுத்தபோது நானும் கெட்டவனாக இல்லை.

தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை இதைச் சொன்னார். நான் சோற்றில் கை வைத்தபடியே சிரித்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, இனிமே உங்க ஆஸ்பத்திரியில யாரும் சாக மாட்டாங்க. எல்லாரும் வெளியில போய்ச் சாவாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

"சாப்பாட்டு நேரத்துல பேசற பேச்சா அண்ணே இது?" என்றாள் தங்கை. "உனக்கு மூளை இருக்குன்னு காட்டாம ஒரு வாய் இறங்காதே."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

நான் சொன்னபடியேதான் நடந்தது. சேர்க்கை கவுண்டரில் இருக்கும் நர்சம்மாவுக்கு முகத்தைப் பார்க்க நேரம் கிடையாது, வண்டிச் சக்கரத்தைத்தான் பார்ப்பார். படுத்தபடி வந்தவரைக் கண்டால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிய சீட்டுத் தயாராக இருக்கும். அது தலைநகரத்தில் இருக்கிறது, அரை நாள் பயணம். நடந்து வந்தவருக்குக் கட்டில். சேர்த்துக்கொண்டால்தான் சாவு அவர்கள் கணக்கில் வரும், சேர்க்காதவர் வழியில் செத்தால் சாலைக்குத்தான் கணக்கு. சக்கரத்துக்கு வேலை குறையவில்லை, திசைதான் மாறியது. உள்ளே தள்ளியவர்களைவிட வெளியே தள்ளியவர்கள் அதிகமானார்கள். பலகையில் எண் குறைந்தது. கூடுதலாக இரண்டு நர்சுகள் வந்தார்கள். பாராட்டுக் கூட்டம்கூட நடந்தது.

பிறகு என் தங்கைக்கு வயிறு வலித்தது.

வலியை அவள் நாலைந்து நாளாக மறைத்திருக்கிறாள். அவர் வேலைக்குப் போன பிறகு சுருண்டு படுப்பதும், வருகிற நேரத்துக்கு எழுந்து சமைப்பதுமாக இருந்திருக்கிறாள். ஒரு காலையில் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பட்டறை வேனில் துணிக் கட்டுகளுக்கு நடுவே அவளைப் படுக்கவைத்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன். உடம்பு கொதித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது.

வாசலில் மாப்பிள்ளை நின்றார். வேனின் பின்கதவைத் திறந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"வண்டியக் கொண்டாங்க மாப்பிள்ளை! என்ன மரம் மாதிரி நிக்கறீங்க?"

"வண்டி வேணாம் மச்சான்."

"வேணாமா? இது உங்க பொண்டாட்டி. அடுத்த வீட்டுக்காரி இல்ல!"

"அதனாலதான் வேணாம்ங்கறேன்." "படுத்துக்கிட்டுப் போனா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. நடந்து போனா எழுதிக்குவாங்க. ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் அவங்க பாத்துதான் ஆகணும்."

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பேரையெல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. கைக்குட்டையை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தார். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்தார். தலையை வாரிவிட்டார். பிறகு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதைப் பிடிச்சுக்கோ. யாருக்கோ சோறு கொண்டு வந்தவ மாதிரி இருக்கும்."

அந்த நிலைமையிலும் என் தங்கைக்கு வாய் அடங்கவில்லை. "எங்கம்மாவ மட்டும் அலுங்காமத் தள்ளினீங்க. கட்டினவளுக்கு நடராஜா சர்வீஸா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாசலிலிருந்து கவுண்டர் வரைக்கும் சரிவு மேடு ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் ஏறுவதற்காகக் கட்டியது. அதில் என் தங்கை நடந்தாள். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தொட்டும் தொடாமலும். தாங்கிப் பிடித்தால் நர்சம்மாவுக்குத் தெரிந்துவிடும். மேட்டின் முடிவில் ஒரு படி. அவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். "ஒரு சின்னத் தூக்கு" என்றார் அவர், உதடு அசையாமல். அவள் காலைத் தூக்கி வைத்தாள்.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார் நர்சம்மா.

"லேசா வயித்து வலிங்க" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். டப்பாவின் பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அதை நான் பார்த்தேன். நர்சம்மா பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சீட்டு எழுதினார். பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். கட்டிலைத் தொட்டதும் என் தங்கை மடிந்து விழுந்தாள்.

அன்றைக்கு மதியமே வயிற்றைத் திறந்தார்கள். வெளியே வந்த டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி வீசினார். "குடல்வால் வெடிச்சு வயிறு முழுக்கச் சீழ். இந்த நிலைமையில நடக்கவா வச்சீங்க? யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தாங்க" என்றார் மாப்பிள்ளை. "முன்னாடியே வெடிச்சிருந்ததா டாக்டர், இல்ல நடந்ததுல வெடிச்சதா?"

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வடிந்துவிட்டது. "அதை யாராலயும் சொல்ல முடியாதுப்பா" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். நல்ல டாக்டர், ஆனால் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. அப்போது வார்டு நர்சு ஒரு படிவமும் பேனாவும் கொண்டு வந்தாள். எங்கள் சொந்த விருப்பத்தில் நோயாளியை அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆம்புலன்ஸ் இலவசம், கீழே தயாராக நிற்கிறதாம்.

நான் எழுந்துவிட்டேன். ஒன்றைக் கையில் எடுத்தால் முடிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. "போடுங்க மாப்பிள்ளை. தலைநகரத்துல பெரிய தனியார் ஆஸ்பத்திரியாப் பாத்துச் சேத்துடறேன். பட்டறையவே வித்தாலும் பரவாயில்ல."

அவர் பேனாவை வாங்கினார். காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"இந்தச் சீட்டோட கீழ போனவங்க அத்தனை பேரையும் நான்தான் மச்சான் தள்ளிக்கிட்டுப் போய் வண்டியில ஏத்தியிருக்கேன். ஒருத்தரும் திரும்பி வந்து நான் பாக்கல. வெளியில போய்ச் சாவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? சோறு தின்னுக்கிட்டே சொன்னீங்களே."

ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளா நான்? நேராக மருத்துவமனைத் தலைவரின் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலர் கதையை முழுசாகச் சொன்னேன். நீங்கள் காலரை எண்ணுகிறீர்கள், சட்டை கிழிந்து தெருவில் கிடக்கிறது என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். தூங்கி நாளான முகம்.

"ஐயா, நீங்க சொல்றது அத்தனையும் சரி. இதையே நானும் மேல எழுதி அனுப்பினேன், பதில் இல்ல. இந்த மாசம் இன்னும் ஒரு சாவு விழுந்தா புதுசா வந்த ரெண்டு நர்சையும் எடுத்துடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் குழந்தைங்க வார்டுல இருக்காங்க. அவங்க இல்லாமப் போனா அங்க என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இப்ப நீங்க என் இடத்துல உக்காந்து சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

கூலித் தகராறில் சங்கத் தலைவர்களையே மடக்கியவன் நான். அன்றைக்கு மட்டும், இழுத்துப் போட்ட நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வார்டுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். யாரோ கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. அவர் தொழில் அதுதானே, கட்டில்களுக்கும் சக்கரம் உண்டு என்று அவருக்குத் தெரியும். நர்சு வந்து வந்து நின்றாள். அவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மறுநாள் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோது என் தங்கை போய்ச் சேர்ந்தாள். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் உடலை அவர்தான் தள்ளினார். வாசற்படி வந்ததும் வண்டியை நிறுத்தினார், வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் சொன்னேன்: "ஒரு சின்னத் தூக்கும்மா." இருவருமாகத் தூக்கினோம். வாசலில் ஒருவர் பலகையில் இருந்த எண்ணை அழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் இரண்டு நர்சுகளையும் எடுத்துவிட்டார்கள். தலைவர் போட்ட கணக்கும் சரிதான். குழந்தைகள் வார்டில் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் விடாதவன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன வாரம் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். "இந்த வேலையைத் தூக்கிப் போட்டுட்டுப் பட்டறைக்கு வாங்க. உக்காந்து பாக்கற வேலை, சாப்பாடு நம்ம வீட்டுல" என்று கூப்பிட்டேன்.

"நான் வந்துட்டா இந்த வாசல்ல யாரு மச்சான் நிப்பா?" என்றார்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பெரியவர் ஒருவர் மகளின் மடியில் சாய்ந்து கிடந்தார். நெஞ்சைப் பிடித்திருந்தார், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "ஸ்ட்ரெச்சர் கொண்டாங்கண்ணா!" என்று அந்தப் பெண் அலறினாள். மாப்பிள்ளையின் கை வண்டியின் பிடிமேல் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து, நசுங்கிய சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். என் தங்கை பிடித்துக்கொண்டு நடந்த அதே டப்பா. காலி டப்பா. இதற்காகவே வைத்திருக்கிறார்.

"இறங்குங்க ஐயா. இதைக் கையில பிடிச்சுக்கோங்க. மெதுவா நடந்துடலாம்."

நிறுத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிறுத்திவிட்டு வேறு என்ன செய்யச் சொல்வது என்று தெரியவில்லை, மூடிக்கொண்டேன். பெரியவர் டப்பாவோடு மேடேறினார். தொட்டும் தொடாமலும் பக்கத்தில் மாப்பிள்ளை, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. மேட்டின் முடிவில் இருவரும் நின்றார்கள். அந்தப் படிக்காகத்தான்.