புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். திருச்சுழி பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தேன். எனக்குக் குரு, நான் நேரில் பார்த்தே இராத ஒரு செர்பியா நாட்டுப் பயிற்சியாளர். நாடு நாடாகப் போய் அணிகளை ஜெயிக்க வைத்தவர். அவர் கத்தினால் ஆறரை அடி ஆட்களும் நடுங்குவதை செல்போனில் பார்த்துப் பார்த்து, நானும் கத்த ஆரம்பித்தேன். பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது, போட்டி நேரத்தில் விரதம் கூடாது என்பதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்ட சட்டங்கள்.

மாவட்டப் போட்டிக்கு நாலு நாள் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கும் கரிசல் தரை அனலைக் கக்கியது. எங்கள் அணியிலேயே நன்றாக ஆடும் ஒன்பதாம் வகுப்புப் பெண் அன்று ஓட்டத்தில் பின்தங்கினாள்.

"என்ன அன்னநடை நடக்குற? இன்னும் பத்து ரவுண்டு ஓடு" என்றேன்.

ஆறாவது சுற்றில் விழுந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்து விசில் ஊதினேன், எழவில்லை. கிட்டே போனால் உதடு வெளுத்து, கண் செருகிக் கிடந்தாள்.

ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து அருப்புக்கோட்டைக்கு விரட்டச் சொன்னேன். அவள் தலை, கூட ஏறிய தோழியின் மடியில். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் ஒன்றும் தெரியவில்லை.

"சார், அவ நேத்திருந்து சாப்பிடல. தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருக்கா. வைவீகன்னுதான் சொல்லல" என்று தோழி அழுதாள்.

அவள் கையில் போட்டிருந்த மணிக்கட்டுப் பட்டையை விலக்கினேன். உள்ளே மஞ்சள் கயிறு. மாரியம்மனுக்குக் கட்டிய காப்பை எனக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கண் திறக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை வேண்டாத தெய்வமில்லை. பாதி பயம் அவள் உயிருக்கு, பாதி என் வேலைக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூலி வேலையை அப்படியே போட்டுவிட்டு எம்.ரெட்டியபட்டியிலிருந்து அவள் அம்மா பஸ் பிடித்து வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். அறை விழப்போகிறது என்று நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், அவ செஞ்சது தப்புதான். இத வச்சு டீமுல இருந்து எடுத்துராதீக சார்."

பிறகு அந்த செர்பியாக்காரரின் வீடியோக்களை மறுபடி பார்த்தேன். கத்தி முடித்ததும் வீரர்களின் தோளில் கைபோட்டுப் பேசுகிறார். அந்த இடங்களைத்தான் நான் தள்ளித் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

இன்றும் பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் சாகக் கிடந்த பிள்ளையைப் பெற்றவளே என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி நடந்துகொண்டேனே என்று நினைத்தால், இப்போதும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.