ஊதாத் துணி

மகள் கல்யாணத்துக்கு நாள் கேட்க, செலின் அத்தையைக் கூட்டிக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போயிருந்தேன். பீடத்தில் விரிக்கத் தவக்காலத்து ஊதாத் துணியைக் கோயில் பிள்ளைகள் எடுத்து உதறினார்கள். அந்துருண்டை வாசம். அது என் அப்பாவின் கை வாசம். அந்தக் கையால்தான் என் நெற்றியில் சிலுவை போடுவார்.

அப்பா இங்கே பங்குச்சாமிக்கு உதவியாக இருந்த உபதேசியார். எங்கள் லைன் வீடுகளின் கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பவர். ஊதாத் துணி விரித்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது என்பதில் மட்டும் அசையமாட்டார்.

அவர் தங்கை செலின் அத்தைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் சின்ன வயதில், ஒரு தவக்காலத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா படுத்த படுக்கையா கெடக்காவ மச்சான். கண்ண மூடுறதுக்குள்ள கல்யாணத்தப் பாக்கணுங்காவ. ஆயர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"ஊருக்கெல்லாம் இல்லைன்னு சொல்லிப்போட்டு, என்ற தங்கச்சிக்குன்னு எப்படிங்க மாப்ள போயிக் கேக்கறது?" என்றார் அப்பா.

உள்ளே பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அத்தையின் கத்தரிச் சத்தம் நின்றுபோனது.

ஈஸ்டருக்கு முன்பே அந்த அம்மா இறந்தார். அந்த வருத்தத்தில் சம்பந்தமும் முறிந்தது. அத்தை பிறகு யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. லைன் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் ஞானத்தாயானாள்.

இன்று நானும் தயங்கித்தான் கேட்டேன். "மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல இருந்து இந்தத் தவக்காலத்துலதான் லீவு கெடைக்குதுங்க சாமி."

பங்குச்சாமி சிரித்தார். "ஆயருக்கு எழுதிக் கேட்டா அனுமதி குடுத்துருவாருங்க. எப்பவும் இருக்கறதுதான்."

அத்தை நரைத்த தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பவுமுங்களா சாமி?" என்று கேட்டாள்.