மஞ்சள் கோடு போட்ட மாவிலங்கம்

தாவரவியல் பூங்காவைப் புதுப்பிக்கும் வேலையில் பாதி, எதை எடுப்பது என்று முடிவு செய்வதுதான். பழைய இடம் ஒன்றைப் புதிதாக்கும் பொறுப்பு உங்கள் தலையிலும் விழுந்திருந்தால், அந்த முடிவுகள் சாப்பிடும்போதுகூட எதிரே வந்து உட்காரும் என்பது தெரிந்திருக்கும். அடையாறு பக்கம் உள்ள எங்கள் பூங்காவுக்கு நான் கண்காணிப்பாளராக வந்தபோது வயது ஐம்பத்து மூன்று, மாசி மாதம்.

பட்டியல்

முதல் வாரமே அகற்ற வேண்டியவற்றைக் குறிக்கக் கிளம்பினேன். கூட வந்தவர் தோட்டப் பணியாளர் செல்வி. குளத்தங்கரையில் ஒரு மரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. என்ன மரம் என்று கேட்டேன். மாவிலங்கம் என்றார். கல்லூரியில் படித்த மரம்தான். ஆனால் அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்தில் கோப்புகளை மட்டுமே பார்த்தவன் நான். ‘பட்ட மரம், வெட்டலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செல்வி எட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:

“ஆபிசரு எழுதினா சரியாத்தான் இருக்கும் சார்.”

மஞ்சள்

அடையாளம் போட வெள்ளை பெயின்ட் போதவில்லை. நடைபாதைக்கு வாங்கியதில் மிஞ்சிய மஞ்சளை எடுத்து மரத்தைச் சுற்றிப் பட்டையாக அடித்துவிட்டார்கள். இரண்டே நாளில் அந்தப் பட்டையின் மேல் குங்குமம், ஒரு நூல், கீழே கற்பூரக் கரி. காலை நடைக்கு மயிலாப்பூரிலிருந்து வரும் மாமி ஒருவர் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெட்டுவதற்காகப் போட்ட கோடு அது என்று பணிவாக விளக்கினேன். மாமி நிற்கவே இல்லை.

“வெட்டப்போறவா யாராவது மஞ்சள் பூசுவாளா? வெயில் ஏர்றது, ஆத்துக்குப் போய் மோர் சாப்பிடுங்கோ.”

கேட்காத கேள்வி

அன்று என்னவோ மனம் ஒப்பவில்லை. எல்லோரும் போன பிறகு மரப்பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. வெட்டும் ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. செல்வியைக் கூப்பிட்டேன். வருஷா வருஷம் இப்படி மொட்டையாக நிற்கும், பங்குனியில் பூத்துக் கொட்டும் என்றார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். கோபம் யார் மேல் என்பது எனக்கே தெரியும்.

“நீங்க இன்னா மரம்னு கேட்டீங்க, சொன்னேன். உசுரு கீதான்னு கேக்கலியே சார்!”

திருத்தம்

என் உத்தரவை நானே ரத்து செய்யக் கோரி இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். ‘மறு ஆய்வில் தெரியவந்தது’ என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, ‘நான் தவறாகக் குறித்தேன்’ என்று எழுத ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. இயக்குநர் தொலைபேசியில் சிரித்தார். பங்குனி முடிவதற்குள் பூக்காவிட்டால் வெட்டிவிட வேண்டும் என்றார்.

தினமும் காலையில் போய் அண்ணாந்து பார்த்தேன். பங்குனி பிறந்து பத்து நாளாகியும் வெறும் கிளைகள். பச்சை உண்மையில் பச்சைதானா, நான் பார்க்க விரும்பியதைப் பார்த்தேனா என்று குழம்பினேன். அதற்கடுத்த வாரம் ஒருநாள் மரமே தெரியவில்லை. கிளை நுனி வரை வெள்ளைப் பூ, நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தக் கேசரங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். துடைப்பத்தோடு வந்த செல்வி, மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், மரம் பாஸா, நீங்க பாஸா?”

பூங்காவைப் புதுப்பிக்க வந்தவன் இதுவரை உருப்படியாகச் செய்து முடித்தது, ஒரு மரத்தை வெட்டாமல் விட்டது மட்டும்தான்.