எறும்பு வராத கோலம்

மதுவிலக்கு வந்த பிறகு, அரிமளம் பக்கம் எங்களைப் போல் பனை ஏறுகிறவர்களுக்குப் பதநீர் இறக்க மட்டும் லைசென்ஸ் கொடுத்தார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால், பாளையிலிருந்து சொட்டுவது விடியும்வரை இனிப்பாக இருக்கும். அது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கள் என்றால் ஜெயில். பிள்ளைகளே, இது தெரிந்தால் போதும், மற்றது விளங்கும்.

உங்கள் அம்மா கல்யாணமாகி வந்த புதிது. கட்டுமாவடிப் பக்கம் கடைக்கார வீட்டுப் பெண்; பனையைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. சித்திரைப் பிறப்புக்கு முதல் நாள் பொழுது சாய்கையில் கலயங்களுக்கு அவள்தான் தடவிக் கொடுத்தாள். நான் கொண்டுபோய்க் கட்டினேன்.

விடியலில் ஏறி முதல் கலயத்தைப் பார்த்தால் வாய்வரை நுரை! புளித்த வாடை. கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு மதுவிலக்குப் போலீஸ்காரர் நிற்கிறார்.

"என்னப்பா, வருசப் பொறப்பு விருந்து பலமோ? வாடை ரோடு வரைக்கும் வருதே!"

"ஐயா, சத்தியமா சுண்ணாம்பு தடவித்தாங்க கட்டுனேன்."

இறக்கிய கலயத்துக்குள் விரலை விட்டு வழித்துப் பார்த்தார்.

"வெள்ளையா என்னத்தையோ பூசி ஏமாத்துறியா? நட ஸ்டேஷனுக்கு."

சட்டை எடுக்க மட்டும் வீட்டுக்குப் போக விட்டார், கூடவே வந்தார். வாசலில் உங்கள் அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, மாக்கோலம் போட்டு இம்புட்டு நேரமாச்சு, ஒரு எறும்புகூட வரலயே. கை வேற எரியுது. நேத்து மொளகா அரைச்ச எரிச்சல்னுல்ல நெனச்சேன்!"

உள்ளே ஓடிப் பார்த்தேன். வீட்டு மூலையில் இரண்டு சட்டிகள். ஒன்றில் சுண்ணாம்புக் கரைசல், மற்றதில் கோலத்துக்கு அரைத்த பச்சரிசி மாவு. இருட்டில் மாற்றி எடுத்திருக்கிறாள்.

உளறிக் குளறிச் சொன்னேன். போலீஸ்காரர் கோலத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தார். தூ தூ என்று துப்பினார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் வெந்து சிவந்திருந்தன.

"ஏம்மா, புருசன உள்ள தள்ள ஒனக்குக் கோலமாவா கெடச்சுது?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

கேஸ் எதுவும் போடாமல், அத்தனை கலயத்தையும் தம் கண் முன்னாலேயே கவிழ்க்க வைத்துவிட்டுப் போனார்.

கோலம் போட்டுவிட்டு உள்ளே வராமல் நிற்கிறாளே என்று அம்மாவைக் கேலி செய்கிறீர்கள். முதல் எறும்பு வரட்டும் என்றுதான் நிற்கிறாள்.