அப்பாவின் நம்பருக்கு வந்த செய்திகள்

ஸ்கூட்டர் கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார், பிறகு மேசைமேல் விரித்து வைத்திருந்த வண்ண அட்டையைச் சத்தமில்லாமல் மூடினார். எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"லோன் வரல மேடம். உங்க கிரெடிட் ஸ்கோர் கம்மியா இருக்காம்."

"எவ்வளவு சார்?"

"அதெல்லாம் எங்களுக்குக் காட்டாது. பேங்க்லதான் கேக்கணும். முழுப் பணமும் கட்டினீங்கன்னா இன்னிக்கே வண்டிய எடுத்துட்டுப் போகலாம்."

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். கோபம் வரவில்லை, அவமானமாகவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அவளுக்கு எல்லாம் இப்படித்தான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான்.

அவள் வேலை பார்த்தது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். நுண்ணுயிரியல் படித்தவள். பல இடங்களிலிருந்து பாட்டில்களில் வரும் தண்ணீரை வடிகட்டி, வட்டத் தட்டில் வைத்து, இன்குபேட்டருக்குள் தள்ளி, மறுநாள் அதில் முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணிக் குறிப்பது அவள் பொறுப்பு. ஒல்லியாக, உயரமாக இருப்பதால் அங்கே அவளுக்குப் பென்சில் என்று பேர். வெளியே போய் மாதிரி எடுத்து வரும் வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கூட, ஆனால் சொந்தமாக வண்டி வேண்டும். அதற்காகத்தான் முன்பணம் முப்பத்தோராயிரம் சேர்த்துவைத்து ஸ்கூட்டர் கடைக்குப் போனாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவள் கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மெஷின் அறையில், கையில் ஸ்பேனரோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. இரண்டையும் போய் எழுதினாள். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

ஸ்கூட்டர் கடையிலிருந்து வந்த அன்றே, பஸ்ஸில் உட்கார்ந்தபடி, ஐந்து நிமிடத்தில் கடன் என்று விளம்பரம் செய்யும் நான்கு ஆப்களில் வரிசையாக விண்ணப்பம் போட்டாள். நான்கும் கை விரித்தன. சனிக்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, தன் கணக்கு இருந்த வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவில் இருந்தவனுக்கு அவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். இடுப்பில் முதுகுவலிப் பட்டை கட்டியிருந்தான். அவள் அடையாள எண்ணைத் தட்டி, அறிக்கையை அச்செடுத்து முன்னால் வைத்தான்.

"ஐந்நூத்து அறுபத்தொண்ணு. இந்த வாரத்துல மட்டும் அஞ்சு இடத்துல லோன் கேட்டிருக்கீங்க. ஒருத்தர் ஒரே வாரத்துல இத்தனை கதவத் தட்டினா, பணத்துக்கு ரொம்ப முட்டுதுபோலன்னுதான் பாக்கறவங்க நெனப்பாங்க. ஆனா அது சின்ன விஷயம். இதுதான் பெருசு." பேனாவால் ஒரு வரியைத் தட்டினான். "நம்ம பேங்க்லயே எடுத்த எஜுகேஷன் லோன். ஆறு தவணை நிக்குது."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே சார்."

"மாசாமாசம் மெசேஜ் போயிருக்கே. லெட்டரும் போயிருக்கு."

பழைய வாடகை வீட்டு விலாசத்தைப் படித்துக் காட்டினான். அப்பா போன பிறகு அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறை வீட்டுக்கு மாறியிருந்தார்கள். அடுத்து நம்பரைப் படித்தான். நாலாவது எண்ணிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கடன் இருப்பது தெரியாமல் இல்லை. விண்ணப்பம் நிரப்பியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் நினைவிருந்தது. "படிப்பப் பாரு, அத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஜாமீன்தாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தன் நம்பரையே கொடுத்தவர் அப்பா. கட்ட வேண்டிய நேரம் வந்தால் வங்கியே கூப்பிடும் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, அப்பா ஃபோன் எங்க?" என்று கேட்டாள்.

அம்மா மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முழு சார்ஜ் இருந்தது.

"ரீசார்ஜும் பண்றியா?"

"சின்னதா ஒண்ணு போடுவேன். அணைச்சு வெக்க மனசு வரல."

"பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்துச்சாம்மா?"

"ஏதேதோ வரும். எல்லாம் உங்கப்பாவுக்குன்னு வந்தது. அவரே இல்ல, இனி யாருக்கு வேணும்னு விட்டுட்டேன்." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். "ஏன்டி, தப்பா?"

"இல்லம்மா."

முப்பத்தெட்டுச் செய்திகள் இருந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலாவது, அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்கி, நினைவூட்டல் என்று பணிவாக முடிந்தது. இரண்டாம் மாதத்தில் அன்பு போய்விட்டது. நான்காவதில் அபராதம். கடைசிச் செய்தி அப்பாவை, ஜாமீன்தாரர் என்ற முறையில், உடனடியாக நேரில் வரச் சொன்னது. கூடத்தில் புள்ளிகளை எண்ணும்போது இருக்கும் அதே கவனத்தோடு கடைசிவரை படித்து முடித்தாள்.

திங்கட்கிழமை வசூல் பிரிவிலிருந்து, வங்கியில் அவள் சொல்லிவிட்டு வந்த அவள் நம்பருக்கே ஒருவர் பேசினார். குரல் தேனாக இருந்தது. "பாக்கி மொத்தத்துல பாதி கட்டுங்கம்மா, செட்டில்மென்ட் போட்டு முடிச்சுடலாம். நிம்மதியா இருக்கலாம்." அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டே வளையலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"போட்டுக்கோம்மா. முதல்ல கேட்டுட்டு வரேன்."

பட்டை கட்டியவனிடம் கேட்டாள். அவன் மதிய உணவு டப்பாவைத் திறந்துகொண்டே பதில் சொன்னான். "அவருக்கு நிம்மதி, உங்களுக்கு இல்ல. பாதிதான் கட்டினாங்கன்னு எழுதிடுவாங்க, வருஷக்கணக்கா அது ஒட்டிட்டே வரும். நின்னுபோன தவணைய மட்டும் கட்டுங்க. மீதிய சம்பளம் வர்ற மறுநாள் தானா எடுத்துக்கற மாதிரி எழுதிக் குடுங்க. அப்புறம் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது."

ஆறு தவணையும் அபராதமும் சேர்ந்து இருபத்தேழாயிரத்துச் சொச்சம். ஸ்கூட்டர் பணத்தில் பெரும்பகுதி கவுண்டருக்குள் போனது. பிறகு நம்பர் மாற்றும் படிவத்தோடு இன்னொரு கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் தலை நிமிராமலே, "ஜாமீன்தாரர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"அவர் இறந்துட்டாரு மேடம்."

"எப்போ?"

தேதியைச் சொன்னாள். அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அப்ப சான்றிதழ் நகல் ஒண்ணு வேணும்மா." அவள் கொடுத்தாள். பையில் எப்போதும் இரண்டு நகல் வைத்திருப்பாள். இந்த ஒரு வருஷத்தில் எங்கே போனாலும் யாராவது கேட்டார்கள்.

வெளி வேலை, கூடத்தில் தாடி என்று கூப்பிடப்படும் இன்னொருவனுக்குப் போனது. அவனிடம் பைக் இருந்தது. "உனக்குன்னுதான் சொல்லி வெச்சிருந்தாங்க பென்சில், எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றான். "பரவால்ல" என்றாள். நிஜமாகவே பரவாயில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

அடுத்த மாதம் அறிக்கையைப் பார்த்தபோது மதிப்பெண் மூன்று குறைந்திருந்தது. பணம் கட்டியும் குறையுமா? நான்கு ஆப்களிலும் கேட்டதற்கான மதிப்பெண் இப்போதுதான் கழிந்திருக்கிறது என்று வங்கியில் சொன்னார்கள். இனி எங்கும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். கையில் மிஞ்சியதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வங்கியில் பத்தாயிரம் வைப்பாகப் போட்டு, அதன் பேரில் சின்னதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். அதில் பஸ் பாஸ் எடுப்பாள், ஒருமுறை கூடத்துக்கு ரப்பர் செருப்பு வாங்கினாள். மூவாயிரத்தைத் தாண்டவிடமாட்டாள். பில் வந்த அன்றே முழுசாகக் கட்டிவிடுவாள்.

ஐந்நூற்று எழுபத்துநாலு. அறுநூற்று இரண்டு. ஒரு மாதம் அசையவே இல்லை. பிறகு அறுநூற்று நாற்பது.

"பாஸ் மார்க் எவ்வளவு?" என்று அம்மா கேட்டாள்.

"எழுநூறுக்கு மேல வந்தா நல்லது."

"நீ பரீட்சையிலகூட இவ்வளவு கஷ்டப்படலையேடி" என்று அம்மா சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் அவளும் சிரித்தாள்.

பதினாலாவது மாதம் எழுநூற்று ஆறு. அந்த எண்ணைப் பார்த்தபோது பெருமை ஏதாவது வருகிறதா என்று சற்று நேரம் காத்திருந்தாள். வராததால் ஃபோனை வைத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள். அந்தச் சமயத்தில் தாடிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட, தலைமை டெக்னீஷியன் அவளிடம், "வண்டி கிடைக்குமா இப்ப?" என்று கேட்டார்.

ஸ்கூட்டர் கடனுக்கு ஒரே ஓர் இடத்தில் விண்ணப்பித்தாள். பட்டை கட்டியவன் படிவத்தைத் திருப்பி, ஜாமீன்தாரர் என்ற கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தான். "இது வேணாம். உங்க பேர் மட்டும் போதும்."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா கையிலேயே நின்றது. கண்ணில் நீர் கோத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரியாமல் போனது. அவன் எழுந்து போய் வேறு யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு, வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தான். அதற்குள் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

முதல் நாள் ஒரு பம்ப் ஹவுஸ். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கிருமி போக அதன் வாயில் தீயைக் காட்டி, பாட்டிலை நிரப்பி, நேரத்தை எழுதி ஒட்டினாள். மோட்டார் போடும் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி நல்லாருக்காம்மா?"

"இப்பத் தெரியாதுங்க" என்றாள். "ரெண்டு நாள் ஆகும்."

பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடி, ஸ்கூட்டரின் பின்னால் கயிற்றால் கட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த இடத்துக்குக் கிளம்பினாள்.