சக்கைக் காம்புப் பிடி

போன வாரம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் ஒரு ரகளை. ஆறடி ஆள், நல்ல போதை. டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான். ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார் – பெண்.

“ஆம்பள போலீசு யாருமில்லியா? இந்த தடியன இவங்க என்ன செய்யதுக்கு?” என்றார் பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர்.

வந்தது ஸ்டெல்லா. கல்லூரியில் என் பெஞ்சுக்காரி. அவள் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.

குலசேகரத்தில் அவள் வீடு. சுற்றிலும் ரப்பர், முற்றத்தில் பலா மரங்கள். பலாவை நாங்கள் சக்கை என்போம். சீசனில் லாரியில் சக்கை ஏற்றுவதும் அவள்தான். போலீஸ் வேலைக்கு அவள் விண்ணப்பித்த வருஷம், உடல்தகுதித் தேர்வுக்குக் குண்டு எறிந்து பழக வேண்டும். குண்டுக்கு எங்கே போவது? கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, அதே எடையில் பிஞ்சுச் சக்கைகளைப் பறித்து வைத்தாள். காம்பைப் பிடித்து, கையைச் சுழற்றி ஒரு வீசு... பொத்! தூரம் அளப்பது என் வேலை.

“சக்க பூரா நாசமாக்குதியே, கறிக்காவது மிச்சம் வையிட்டி!” என்று அவள் அம்மா கத்துவார். கடைசியில் அடிபட்ட சக்கையே துவரன் பொரியல் ஆகும். தேங்காய் அரைத்துப் போட்ட அந்த ருசி! அந்த முற்றத்தில் இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்தால்... ஏங்கித்தான் போகிறேன்.

தேர்வு நாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மைதானத்து வேலிக்கு வெளியே நான். இரும்புக் குண்டை வாங்கியவள் முழித்தாள். அதற்குத்தான் காம்பே இல்லையே! இருந்தாலும் பழகிய கை... சுழற்றி வீசினாள். ஃபவுல். கழுத்தை ஒட்டி வைத்துத் தள்ள வேண்டுமாம். மறுபடியும் சுழற்றல், மறுபடியும் ஃபவுல். மிச்சம் ஒரே சான்ஸ். அவள் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, லாரியில சக்க ஏத்துவியே... தோள்ல வச்சு அப்பிடி தள்ளுட்டி!” என்று கத்தினேன்.

தள்ளினாள். குண்டு கோட்டைத் தாண்டி விழுந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நான்தான் முதலில் அழுதேன்.

பலம் என்றால் ஆண் என்று யார் எழுதி வைத்தது? எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வாளியும் மீன் கூடையும் விறகுக் கட்டும் யார் சுமந்தார்கள்? அதை யாரும் பலம் என்று சொன்னதில்லை. வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். ஸ்டெல்லா நேராக அவனிடம் போனாள். அவன் பின் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். ஒரு சுழற்று. டிரைவர் இங்கே நிற்க, ஆள் ஜீப்பின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான். சக்கைக் காம்பைப் பிடிக்கிற அதே பிடி!

இந்தத் தடவை யாரும் ஃபவுல் சொல்லவில்லை.