கைலாசபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம், பஸ்ஸில் மட்டும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. என் மனைவி ருக்மணிக்கு அறுபத்தொன்பது, இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் திருச்சிக்குள் ஒரு நாள் போய்விட்டு வர என்ன வழி என்று இணையத்தில் தேடினேன். மலைக்கோட்டையில் எங்கே நின்று படம் எடுத்தால் நன்றாக விழும் என்று நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். பஸ் படி எவ்வளவு உயரம் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பு போனது, தட்டச்சு நானாகக் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மகன் முரளி. ஓசூரில் இருக்கிறான். ஒரு வருடமாக, வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று நச்சரிக்கிறான். அவன் வீடு ஒன்பதாவது மாடியில். ஆலை வேலைக்காக இங்கே வந்து, குவார்ட்டர்ஸில் இருபத்தெட்டு வருடம், பிறகு கைலாசபுரத்தை ஒட்டிச் சொந்த வீடு என்று வாழ்ந்துவிட்டு, கடைசியில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து கார் எண்ணிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. ருக்மணிக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் முரளி போனில் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, அம்மா ஸ்ரீரங்கம் போயி எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"மாசா மாசம் ஏகாதசிக்குப் போனவங்க. இப்ப உங்களால கூட்டிட்டுப் போக முடியல. அப்புறம் எதுக்கு அந்த ஊரு? ரெண்டு பேரும் யாரையும் தொணைக்குக் கூப்பிடாம ஒரு தடவை போயிட்டு வாங்க. நான் இந்தப் பேச்சையே எடுக்கல. முடியலன்னா, தீபாவளிக்கு முன்னாடி இங்க வந்துடணும்."

"போறோம்டா. பஸ்ஸுலயே போயிட்டு பஸ்ஸுலயே வரோம். முக்கொம்பு அணையையும் பாத்துட்டு வரோம்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வந்தோம். இந்த நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு நான் எழுதாத இடமில்லை. போன வருடம் கட்டிவிட்டார்கள். எவர்சில்வர் குழாய்களைச் சாய்வாக வைத்து அதற்கு இருக்கை என்று பெயர். யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாதாம். இப்போது யாராலும் உட்காரவும் முடியாது. ருக்மணி தூணைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றாள். வந்த பஸ் நிழற்குடையைத் தாண்டி முப்பதடி தள்ளிப் போய் நின்றது.

முதல் படி தரையிலிருந்து என் முழங்கால் உயரம். நான் பின்னால் தாங்க, கண்டக்டர் கையைக் கொடுத்து மேலே இழுத்தார். "மெதுவா வாங்கம்மா, வண்டி ஓடிப்போயிடாது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். எனக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சத்திரம் பஸ் நிலையம் பதினாறு கிலோமீட்டர். காட்டூரில் கொஞ்சம், பால்பண்ணையில் நிறைய என்று நின்று நின்று, போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் பழைய திருச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ரோடு காலியாக இருந்ததாம், காற்று சுத்தமாம், மனிதர்கள் தங்கமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதே காலத்தில், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை, இதே தடத்தில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவன் நான். மழைக்காலத்தில் சத்திரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். தங்கமான மனிதர்கள் என் பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவையே அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "உங்களுக்கு அப்ப முழங்கால் நல்லா இருந்திருக்கும், அதான் ஊரும் நல்லா இருந்துச்சு" என்று சொன்னேன். அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்திரம் இப்போது சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். சிமெண்டுத் தளம், பெரிய கூரை, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி மேடை. மேடையில் நின்றால் பஸ் படி கிட்டத்தட்ட கால் மட்டத்துக்கு வரும், ருக்மணியே ஏறிவிடுவாள். ஆனால் ஸ்ரீரங்கம் பஸ்கள் மேடையை ஒட்டி நிற்க வேண்டுமே! நடுப்பாதையிலேயே ஆட்களை இறக்கி, அங்கேயே ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. நாங்கள் மேடையை விட்டு இறங்கி நடப்பதற்குள் மூன்று பஸ் போய்விட்டது. நான்காவதற்கு நான் முன்னால் போய்க் குறுக்கே நின்றேன்.

"பெரியவரே, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

"மேடையில கொண்டாந்து நிறுத்து. ஏறிட்டு அப்புறம் சாவுறேன்."

அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் ருக்மணி ஏறும்வரை காத்திருந்தார். அதுவரை பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு பேரு பாக்கறமாதிரி சண்டை போடாதீங்க. எனக்காகத்தான் போடறீங்கன்னு எல்லாருக்கும் தெரியுது" என்று மெதுவாகச் சொன்னாள்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் கட்டுகிறார்கள். இதற்கு மேல் மெட்ரோவும் வரப்போகிறது என்று பின்னால் இருவர் பேசினார்கள். வரட்டும். எல்லாமே வரட்டும். வருவதில் ஏறுவதற்கு ஒரு படி குறைவாக வைத்தால் போதும்.

ராஜகோபுரத்தருகே இறங்கியபோது மணி ஒன்பதரை. அங்கிருந்து உள்ளே ரங்கா ரங்கா கோபுரம்வரை கடைத்தெரு வழியாக நடை. எனக்கு அது ஒன்றுமே இல்லை. ருக்மணி மூன்று இடத்தில் நின்றாள். ஆட்டோ பிடிக்கலாமா என்று அவள் கேட்டபோது, "பஸ்ஸுதான்னு சொல்லியிருக்கோம்ல" என்றேன். பூக்கடைக்காரம்மா எழுந்து தன் முக்காலியைக் கொடுத்தாள்.

கோயிலுக்குள் வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. காசு கிடையாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ருக்மணி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் ஒன்பது கஜம் கட்டிய ஒரு மாமி. நான் வண்டியோடு ஒட்டி நடந்தேன்.

"மாமா ஏன் நடந்து வரார்? எடம் இருக்கே" என்றாள் மாமி.

"அவரு சபதம் போட்டிருக்காருங்க. பஸ்ஸைத் தவிர எதுலயும் ஏற மாட்டாராம்."

மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நன்னாயிருக்கு போங்கோ! நான் பொறந்ததே சித்திரை வீதிலதான். ஆத்துலேர்ந்து ஓடி வந்து பெருமாளைச் சேவிச்சுட்டு, அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள திரும்பிடுவேன். இப்ப ஆட்டோ, அப்புறம் இந்த வண்டி. பெருமாள் என்ன, நடந்து வந்தியா உருண்டு வந்தியான்னா கேக்கறார்?"

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"யார் இருக்கா சொல்றதுக்கு? பிள்ளை அமெரிக்கால. கூப்பிடறான். அங்க ரங்கநாதர் இருக்காரான்னு கேட்டேன், இருக்கார், நாப்பது மைல்ங்கறான். இங்க நேக்கு நாலு நிமிஷம்."

மூத்தோர் வரிசையில் முக்கால் மணி நேரத்தில் சேவித்துவிட்டோம். சந்நிதியிலிருந்து வெளியே வந்தபோது ருக்மணியின் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். "திரும்பற பஸ்ஸை நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். பாதி தாண்டிவிட்டோம், மீதியையும் தாண்டிவிடலாம் என்று சொன்னேன்.

தாண்டவில்லை. பன்னிரண்டரை மணி வெயிலில் நிறுத்தத்துக்கு வந்தோம். முதல் பஸ்ஸில் கூட்டம். இரண்டாவதில் அவள் வலது காலைப் படியில் வைத்தாள், இடது கால் எழும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ முண்டினார்கள். கம்பியிலிருந்து கை நழுவி, அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. பஸ் போய்விட்டது. எதிரே நின்ற ஆட்டோக்காரர், ஐம்பது வயதிருக்கும், தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"எந்திரிங்கம்மா, வண்டில உக்காருங்க. எங்க போகணும்?"

"அடுத்த பஸ் வரும்" என்றேன் நான்.

"ஐயா, நான் அம்மாவக் கேட்டேன்" என்றார் அவர்.

ருக்மணி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறினாள். அந்தப் படி ஒரு சாண்தான் இருக்கும். நான் வெளியிலேயே நின்றேன். இப்போது ஏறினால் தீபாவளிக்கு ஓசூர். எனக்கு அதுதான் மண்டையில் ஓடியது.

"ஏறுங்க" என்றாள்.

"சொன்னா சொன்னதுதான், ருக்கு."

"சரி. அப்ப நீங்க பஸ்ஸுலயே வாங்க. தம்பி, நீங்க வண்டிய எடுங்க."

ஐம்பது வருடம் குடித்தனம் செய்தவள் என்னை ராஜகோபுரத்தடியில் விட்டுவிட்டுப் போனாள். முன்பு ஒரு தடவையும் இப்படி நடந்ததில்லை.

அடுத்த பஸ்ஸில் நின்றபடியே சத்திரம் வந்து, போன் செய்தேன். வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கத்தான். அவள் பக்கம் காற்று இரைந்தது.

"முக்கொம்பு போயிட்டிருக்கேங்க. நீங்கதானே முரளிகிட்ட முக்கொம்பும் பாக்கறோம்னு சொன்னீங்க? தம்பி கரை ரோட்டுலயே கூட்டிட்டுப் போறாரு. தண்ணி என்னமா போகுது தெரியுமா!"

சத்திரத்திலிருந்து முக்கொம்புக்குப் பதினெட்டு கிலோமீட்டர். பஸ் அடிக்கடி கிடையாது, நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் பழைய மதகுகள் போனபிறகு கட்டிய புதுக் கதவணைக்கு இந்தப் பக்கம், மரத்தடி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு ருக்மணி மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று தின்றுகொண்டிருந்தாள். காதில் போன். ஓசூர்தான்.

"அவரு பஸ்ஸுன்னாரு, நீ பஸ்ஸுன்னு சொல்லலையே. யாரையும் தொணைக்குக் கூப்பிடக் கூடாதுன்ன. கூப்பிடல. ஆட்டோதான் கூப்பிட்டேன்... காசா? குடுத்தாக் குடுக்கறேன், எனக்குன்னு என்ன செலவு?... இல்லப்பா, வரல. ஒம்போதாவது மாடிலேர்ந்து ஆட்டோவக் கூப்பிட்டு எங்க போறது?" மகன் அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினான். "கீழ விழுந்தேன்தான். எந்திரிச்சும்தான் வந்திருக்கேன். பொங்கலுக்கு நீ வா" என்று வைத்துவிட்டாள்.

என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் சேத்துத்தான் பேசிட்டேன்" என்றாள். மாங்காயை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

திரும்பும்போது ஆட்டோவில் ஏறினேன். கால் கெஞ்சியது, மறைக்கவில்லை. வழியில் இருவருமே தூங்கிவிட்டோம். ஸ்ரீரங்கத்திலிருந்து முக்கொம்பு, காத்திருப்பு, அங்கிருந்து கைலாசபுரம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். நான் பேரம் பேச வாயெடுத்தேன், ருக்மணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இதே மாதிரிப் போக நினைக்கும் வயதானவர்களுக்குச் சில வார்த்தை. சனி, ஞாயிறு, ஏகாதசி, புரட்டாசி முழுதும் கூட்டம், தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கோயிலில் மதியம் நடை சாத்தும் நேரத்தை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இருந்தால் மூத்தோர் வரிசையில் விடுவார்கள். முக்கொம்பில் நல்ல சாப்பாடு கிடையாது, கையில் கட்டிக்கொண்டு போங்கள். மடக்கு முக்காலி ஒன்று பையில் இருக்கட்டும், நிறுத்தங்களில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். முழங்கால் வலி இருப்பவர்கள் சத்திரம்வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஆட்டோவிலும் போவது நல்லது என்று என் மனைவி எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

என் கருத்து வேறு. ஒரு நகரம் பாலம் கட்டலாம், மெட்ரோ விடலாம். ஆனால் காலம் முழுக்க அங்கே வேலை செய்து வரி கட்டிய ஒரு கிழவியை அதன் பஸ்ஸால் ஏற்றிக்கொள்ள முடியவில்லை என்றால், ஆட்டோவுக்குக் காசிருப்பவர்கள் மட்டும்தான் அந்த ஊரில் கிழவர்களாக முடியும். இதை நான் கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஏகாதசி. ருக்மணி அந்த ஆட்டோக்காரரின் நம்பரைத் தன் போனில் வைத்திருக்கிறாள், காலை ஆறரைக்கு வரச் சொல்லிவிட்டாள். கூட வருகிறீர்களா என்று நேற்று கேட்டாள். நான் ஐந்தரை மணி பஸ்ஸில் முன்னாலேயே கிளம்பிப் போய், மூத்தோர் வரிசையில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.